புகாரைக் கிடப்பில் போட்டவரும் குற்றவாளியே

ராகிங் செய்யும் மாணவருக்குத் தண்டனை உண்டு என்பது கல்லூரி வாசலில் கால்வைக்கும் எல்லோருக்கும் தெரியும். நுழைவாயிலிலும் விடுதிச் சுவரிலும் அதற்கான பலகை தொங்குகிறது. அந்தப் பலகைகள் பெரும்பாலும் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிடுகின்றன. புகார் கைக்கு வந்தும் விசாரிக்காமல் இருந்த கல்லூரித் தலைவர், தமிழ்நாட்டில் அந்தக் குற்றத்துக்கு உடந்தையாக இருந்தவராகவே கருதப்படுவார். ராகிங் செய்தவருக்கு என்ன தண்டனையோ அதுவே அவருக்கும். தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம், 1997-இன் 7-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. சட்டம் வந்து கால் நூற்றாண்டுக்கு மேலாகியும் இந்தப் பிரிவு பெற்றோர் பலரின் காதுக்கு எட்டவில்லை. ராகிங் பற்றிய பேச்சு எப்போதும் அடித்தவன், அடிபட்டவன் என்ற இருவரோடு முடிந்துவிடுகிறது. சட்டத்தின் கேள்வி அந்த இருவரையும் தாண்டிப் போகிறது.

இந்தச் சட்டம் ஒரு மாணவரின் சாவுக்குப் பிறகு வந்தது. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு படித்துக்கொண்டிருந்த பொன். நாவரசு, 1996 நவம்பர் 6 அன்று விடுதியிலிருந்து காணாமல் போனார். சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த பேராசிரியர் பி.கே. பொன்னுசாமியின் மகன் அவர். துண்டிக்கப்பட்ட அவருடைய உடலின் ஒரு பகுதி சென்னை மாநகரப் பேருந்து ஒன்றில் கிடந்த பெட்டிக்குள் இருந்தது. அதே கல்லூரியின் மூத்த மாணவர் ஜான் டேவிட் மீது கொலை வழக்கு பதிவானது. ராகிங்கில் தொடங்கி கொலையில் முடிந்தது என்பது அரசுத் தரப்பின் வாதம். கொலையை நேரில் கண்ட சாட்சி கிடையாது; வழக்கு முழுவதும் சூழ்நிலைச் சான்றுகளைக் கொண்டே நடந்தது. கடலூர் அமர்வு நீதிமன்றம் 1998 மார்ச்சில் இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2001 அக்டோபரில் அவரை விடுதலை செய்தது. அரசின் மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் 2011 ஏப்ரல் 20 அன்று அந்த விடுதலையை ரத்து செய்து ஆயுள் தண்டனையை மீண்டும் உறுதிப்படுத்தியது. மகனைப் பறிகொடுத்த குடும்பம் இறுதித் தீர்ப்புக்காக பதினான்கு ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தது.

கொலைக்குத் தண்டனை தர இந்தியத் தண்டனைச் சட்டமே போதுமானதாக இருந்தது. இல்லாமல் இருந்தது வேறொன்று. கொலை வரை போகாத, ஆனால் ஒவ்வோர் ஆண்டும் விடுதி அறைகளில் நடந்துகொண்டிருந்த சிறுமைப்படுத்தலுக்குப் பெயர் சொல்லித் தடை போடும் சட்டம் அப்போது தமிழ்நாட்டில் இல்லை. நள்ளிரவில் எழுப்பி நிற்கவைப்பது, சட்டையைக் கழற்றச் சொல்வது, சீனியரின் துணியைத் துவைக்க வைப்பது, கெட்ட வார்த்தைகளை உரக்கச் சொல்லவைப்பது எல்லாம் ‘விளையாட்டு’, ‘அறிமுகம்’, ‘பழக்கம்’ என்ற பெயரில் நடந்தன. நாவரசு இறந்த அடுத்த மாதமே, 1996 டிசம்பரில், அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அது 1997-இல் 7-ஆம் எண் சட்டமாகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. இதற்கென்று தனிச்சட்டம் இயற்றியதில் தமிழ்நாடு முன்னோடி. கேரளம் 1998-லும், மகாராஷ்டிரம் 1999-லும், மேற்கு வங்கம் 2000-லும் இதே வழியில் வந்தன.

சில பக்கங்களுக்குள் அடங்கிவிடும் இந்தச் சட்டத்தில் முதலில் கவனிக்க வேண்டியது, ராகிங் என்பதற்கு அது தரும் விரிந்த பொருள். ஒரு மாணவருக்கு உடலிலோ மனத்திலோ தீங்கு விளைவிக்கிற, அல்லது விளைவிக்கக்கூடிய செயல் எதுவும் ராகிங். அச்சத்தையோ வெட்கத்தையோ கூச்சத்தையோ உண்டாக்குவதும் ராகிங். கேலி செய்வது, திட்டுவது, குறும்பு என்ற பெயரில் சீண்டுவது ஆகியவற்றைச் சட்டம் தனியே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. சாதாரணமாகத் தானாக விரும்பிச் செய்யமாட்டாத ஒன்றை ஒரு மாணவரைச் செய்யச் சொல்வதும் இதில் சேரும். ஆகவே காயம் இருக்கிறதா, ரத்தம் வந்ததா என்பது குற்றத்தை முடிவு செய்யும் கேள்வியே கிடையாது. தொடாமலே ராகிங் செய்ய முடியும் என்பதைச் சட்டம் 1997-லேயே கண்டுகொண்டது.

“அவனே சம்மதிச்சுத்தான் செஞ்சான் சார்” என்பது விசாரணைகளில் வழக்கமாக வரும் பதில். இந்தப் பதிலுக்கு இடம் வைக்காமலே சட்டத்தின் சொற்கள் அமைந்திருக்கின்றன. வழக்கமான சூழலில் விருப்பத்தோடு செய்வாரா என்பதுதான் உரைகல். பத்து சீனியர்கள் சூழ்ந்து நிற்கும் அறையில், வீட்டைவிட்டு வந்து ஒரு வாரமான பையன் தலையாட்டியதைச் சம்மதம் என்று சொல்லவே முடியாது. பொதுவான குற்றவியல் சட்டமும் இதையே சொல்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 28-ஆம் பிரிவின்படி, அச்சத்தால் தரப்பட்ட சம்மதம் என்று எதிராளிக்குத் தெரிந்திருந்தால் அது சம்மதம் ஆகாது. பழைய தண்டனைச் சட்டத்தில் இது 90-ஆம் பிரிவாக இருந்தது.

அடுத்து, யாரெல்லாம் குற்றவாளி? நேரடியாகவோ மறைமுகமாகவோ ராகிங் செய்பவர், அதில் பங்கெடுப்பவர், தூண்டுபவர், அதைப் பரப்புபவர் என நால்வகைப்பட்டவரையும் 4-ஆம் பிரிவு ஒரே வரியில் நிறுத்துகிறது. தண்டனை இரண்டு ஆண்டுகள் வரை சிறை. பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. ‘பரப்புபவர்’ என்ற சொல் கைப்பேசி இல்லாத காலத்தில் எழுதப்பட்டது. காணொலி எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுகிறவரை நோக்கி இன்று அந்தச் சொல்லை நீட்டுவதற்கு நியாயம் நிறைய இருக்கிறது. “நான் கைவைக்கவே இல்லை, கதவோரம்தான் நின்றேன்” என்று சொல்பவர் கதவைத் தாழிட்டிருந்தால் அவர் வெறும் பார்வையாளர் ஆகமாட்டார். குற்றம் உறுதியானால் கல்லூரியிலிருந்து நீக்க வேண்டும், வேறெந்தக் கல்லூரியிலும் சேர்க்கக் கூடாது என்கிறது 5-ஆம் பிரிவு. இருபது வயது மாணவருக்குச் சிறையைவிட இதுவே பெரிய தண்டனை.

கல்லூரி வளாகத்துக்குள் நடந்தால்தான் குற்றம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது தவறு. கல்வி நிறுவனத்துக்கு உள்ளேயும் வெளியேயும் என்றுதான் சட்டம் சொல்கிறது. விருதுநகர் மாவட்டத்தின் பட்டாசுப் பகுதிக்கு இது முக்கியம். ஏழாயிரம்பண்ணை, வெம்பக்கோட்டை, சாத்தூர் சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகளில் பலர் விடுதியில் தங்காமல் தினமும் கல்லூரி பஸ்ஸில் போய்வருகிறார்கள். வேறு சிலர் சிவகாசியிலும் மதுரையிலும் கோயம்புத்தூரிலும் நாலைந்து பேராகச் சேர்ந்து ரூம் எடுத்துத் தங்குகிறார்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை, மாணவர்கள் படிப்புக்காகப் பயன்படுத்தும் வாகனங்களையும், அவை அரசுடையவையோ தனியாருடையவையோ, தன் எல்லைக்குள் வெளிப்படையாகக் கொண்டுவருகிறது. கடைசி சீட்டு சீனியர்களுக்கு, ஜூனியர் நின்றுகொண்டே வர வேண்டும் என்ற பஸ் வழக்கத்துக்கும் இந்த விதி பொருந்தும்.

இந்தப் பகுதி மக்களுக்கு நிறுவனத்தின் பொறுப்பு என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. பட்டாசு ஆலையில் விபத்து நடந்தால், மருந்தைக் கையாண்ட தொழிலாளியோடு விசாரணை முடிவதில்லை. உரிமம் யார் பெயரில், குத்தகைக்கு எடுத்தவர் யார், போர்மேன் அன்று எங்கே இருந்தார் என்று போலீஸ் கேட்கிறது. 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளம் ஆலையில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது உரிமையாளரும் குத்தகைக்காரர்களும் வழக்கில் சேர்க்கப்பட்டார்கள். ஆபத்தான இடத்தை நடத்துகிறவருக்கு அந்த இடத்தில் நடப்பதைக் கண்காணிக்கும் கடமை உண்டு என்பதே அதன் அடிப்படை. சில நூறு இளைஞர்களை ஒரே கூரையின் கீழ் இரவும் பகலும் வைத்திருக்கும் விடுதியை நடத்துகிறவருக்கும் அதே கடமை உண்டு.

ராகிங் சட்டத்தின் 6, 7-ஆம் பிரிவுகளின் சாரம் இதுதான். மாணவர் புகார் செய்தால், கல்வி நிறுவனத்தின் தலைவரோ நிர்வாகப் பொறுப்பில் உள்ளவரோ உடனே விசாரிக்க வேண்டும்; உண்மை என்று கண்டால் குற்றம் செய்த மாணவரை இடைநீக்கம் செய்ய வேண்டும். இங்கே ‘உடனே’ என்பதற்கு எடை அதிகம். விசாரிக்கத் தவறினாலோ அலட்சியம் காட்டினாலோ ராகிங்குக்கு உடந்தை என்ற குற்றம் அவர் தலையில் விழுகிறது. முதல்வர் ராகிங்கை விரும்பினார் என்று யாரும் நிரூபிக்க வேண்டியதில்லை. புகார் வந்தது, செய்ய வேண்டியதைச் செய்யவில்லை என்பது போதும். தமிழ்நாட்டுச் சட்டத்தில் பல்லுள்ள பகுதி இதுதான். இது எத்தனை முறை பயன்படுத்தப்பட்டது என்று கேட்டால், முதல்வர்களை இந்தப் பிரிவின்கீழ் கூண்டில் ஏற்றிய வழக்குகளைப் பற்றிப் பொதுவெளியில் பேச்சே இல்லை. பயன்படாத பல் யாரையும் அச்சுறுத்தாது. எழுதியவர்கள் கடுமையாக எழுதினார்கள். நடைமுறைப்படுத்த வேண்டியவர்கள் அதைத் தொடத் தயங்குகிறார்கள்.

நாடு முழுவதற்குமான விதிகள் உச்ச நீதிமன்றத்தின் வழியாக வந்தன. விஸ்வ ஜாக்ரிதி மிஷன் தொடுத்த பொதுநல வழக்கில் 2001-இல் நீதிமன்றம் வழிகாட்டுதல்களை வகுத்தது. ராகிங்கைத் தடுப்பது முதன்மையாகக் கல்வி நிறுவனத்தின் பொறுப்பு என்றது அந்தத் தீர்ப்பு. பின்னர் கேரளப் பல்கலைக்கழகம் தொடர்பான வழக்கில், சி.பி.ஐ.யின் முன்னாள் இயக்குநர் ஆர்.கே. ராகவன் தலைமையில் குழு அமைந்தது. தமிழ்நாட்டுக் காவல் பணியிலிருந்து சென்றவர் அவர். குழுவின் அறிக்கையை ஏற்று 2007 மே மாதம் நீதிமன்றம் உத்தரவுகள் பிறப்பித்தது. அவை முழுதாக நடைமுறைக்கு வருவதற்குள் இன்னோர் உயிர் போனது. இமாச்சலப் பிரதேசத்தின் டாண்டா அரசு மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு மாணவர் அமன் கச்ரு, குடித்திருந்த சீனியர்களின் அடியால் 2009 மார்ச் 8 அன்று இறந்தார். கொலையாகாத மரணம் விளைவித்த குற்றத்துக்காக நான்கு சீனியர்களுக்கு 2010 நவம்பரில் நான்கு ஆண்டு சிறைத்தண்டனை கிடைத்தது. அவருடைய தந்தை ராஜேந்திர கச்ரு ஓயாமல் போராடினார். 1800-180-5522 என்ற தேசிய உதவி எண்ணும், 2009-ஆம் ஆண்டு ஒழுங்குமுறையும் அந்தச் சாவைத் தொடர்ந்தே வந்தன.

அந்த ஒழுங்குமுறை நிறுவனத்தின் மீது சுமத்தும் கடமைகள் ஏராளம். கல்லூரித் தலைவரின் தலைமையில் ராகிங் தடுப்புக் குழு இருக்க வேண்டும். அதில் காவல் துறை, வருவாய் நிர்வாகம், உள்ளூர்ப் பத்திரிகையாளர், பெற்றோர், முதலாண்டு மாணவர்கள் எல்லோருக்கும் இடம் வேண்டும். திடீர்ச் சோதனை செய்யத் தனிப்படை வேண்டும். புதியவர்களைத் தனி விடுதியில் வைக்க வேண்டும்; முடியாவிட்டால் அவர்கள் பகுதிக்குள் சீனியர்கள் நுழைவதைக் கண்காணிக்க வேண்டும். முதல் மூன்று மாதங்கள் பதினைந்து நாளுக்கொரு முறை, பெயர் கேட்காமல் மாணவர்களிடம் நிலவரம் அறிய வேண்டும். மாணவரும் பெற்றோரும் தனித்தனியாக உறுதிமொழிப் பத்திரம் தர வேண்டும் என்பது இன்று எல்லோரும் செய்யும் சடங்காகிவிட்டது. இணையத்தில் பெயரை நிரப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கிறவர் அரிது. ‘என் பிள்ளை ராகிங் செய்தால் தண்டனைக்கு உட்படுவான் என்பதை அறிவேன்’ என்று பெற்றோரே எழுதிக்கொடுக்கும் பத்திரம் அது. பிற்பாடு “தெரியாது” என்று சொல்ல அது இடம் வைக்காது.

ஒழுங்குமுறையில் அழகான ஒரு விதியும் உண்டு. முதலாண்டு முடிகிற மாணவர்களின் வீட்டுக்கு ஆண்டு இறுதியில் கல்லூரித் தலைவர் கடிதம் எழுத வேண்டும். அடுத்த ஆண்டு திரும்பி வரும்போது ராகிங்கில் இறங்க வேண்டாம் என்று பிள்ளைக்கு எடுத்துச் சொல்லுங்கள் என்று அந்தக் கடிதம் பெற்றோரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். போன ஆண்டு அடிபட்டவர்தான் இந்த ஆண்டு கை ஓங்குகிறார் என்ற உண்மையைப் புரிந்துகொண்டு எழுதப்பட்ட விதி இது. இந்தக் கடிதம் வந்து சேர்ந்த வீடுகள் எத்தனை என்று பெற்றோர்கள் தங்களுக்குள் பேசிப் பார்க்கலாம்.

குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால், அது தண்டனைச் சட்டங்களின்கீழ் வரக்கூடியதா என்று கல்லூரித் தலைவர் உடனே முடிவு செய்ய வேண்டும். வரக்கூடியது என்றால் 24 மணி நேரத்துக்குள் அவரோ, அவர் அதிகாரம் அளித்த குழு உறுப்பினரோ காவல் நிலையத்தில் எஃப்.ஐ.ஆர். பதியச் செய்ய வேண்டும். பாதிக்கப்பட்ட மாணவரின் குடும்பம் அலைய வேண்டிய வேலை அல்ல அது. போலீஸ் விசாரணை முடியட்டும் என்று காத்திருக்காமல் கல்லூரியும் தன் விசாரணையை ஏழு நாட்களுக்குள் முடிக்க வேண்டும். யார் செய்தார்கள் என்று அடையாளம் தெரியாவிட்டால் கூட்டாகத் தண்டிக்கலாம். எல்லோரும் சேர்ந்து வாயைக் கட்டிக்கொள்ளும் விடுதி மௌனத்தை உடைக்கத்தான் இந்த விதி. குற்றமற்றவர்களும் இதில் மாட்டக்கூடும் என்ற கவலை நியாயமானதே. ஆனால் அதைத் தவிர்க்கும் வழி அங்கே இருந்த மாணவர்களின் கையில்தான் இருக்கிறது.

கடமையில் தவறிய நிறுவனத்துக்கு மானியம் நிறுத்தப்படலாம், பல்கலைக்கழக இணைப்பு ரத்தாகலாம். மானியமே வாங்காத சுயநிதிக் கல்லூரிக்கு முதல் தண்டனை வெற்று மிரட்டல். சிவகாசி, சாத்தூர், கிருஷ்ணன்கோவில் வட்டாரத்துப் பொறியியல் கல்லூரிகளைப் போன்றவற்றுக்கு இணைப்பும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் அங்கீகாரமும்தான் உயிர்நாடி. அந்தக் குழுவும் 2009-லேயே தனி ஒழுங்குமுறை வெளியிட்டது. மருத்துவக் கல்லூரிகளுக்குத் தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை பொருந்தும். 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரியும் அதன்கீழ் வருவதுதான்.

இத்தனை விதிகள் இருந்தும் புகார்கள் ஏன் அமுங்கிப் போகின்றன? கல்லூரியின் பெயர் கெட்டுவிடும், அடுத்த ஆண்டு அட்மிஷன் குறையும் என்ற அச்சம் ஒரு காரணம். “ரெண்டு பக்கமும் பசங்கதான், எதிர்காலம் இருக்கு” என்று பேசிப் பெற்றோரிடம் சமாதானக் கடிதம் எழுதி வாங்குவது இன்னொன்று. காவல் நிலையத்தில் வழக்கு பதியாமல், மனு பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோடு அனுப்பிவிடுவதும் நடக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, அதே விடுதியில் இன்னும் மூன்று ஆண்டு இருந்தாக வேண்டுமே என்ற முதலாண்டு மாணவரின் பயம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 2022-இல் நடந்தது பெயர் சொல்லாத ஒருவரின் வழியாக, சமூக ஊடகத்தில் வந்த காணொலியால்தான் வெளியே தெரிந்தது. அதன் பிறகு ஏழு மாணவர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். கோயம்புத்தூரில் தனியார் பொறியியல் கல்லூரி விடுதியில் 2023 நவம்பரில், குடிக்கப் பணம் கேட்டு முதலாண்டு மாணவரை அடித்து மொட்டையடித்ததாக ஏழு சீனியர்கள் கைதானார்கள். பெற்றோர் உடனடியாகக் காவல் நிலையம் போனதால் வழக்கு பிறந்தது.

ராகிங் சட்டத்தின் இரண்டாண்டுத் தண்டனையோடு பொறுப்பு முடிந்துவிடுவதும் இல்லை. செயலின் தன்மைக்கேற்பப் பொதுக் குற்றவியல் சட்டத்தின் பிரிவுகள் சேரும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் வழிமறித்தலுக்கு 126, அறையில் அடைத்து வைப்பதற்கு 127, காயப்படுத்தலுக்கு 115, பணம் பறித்தலுக்கு 308, மிரட்டலுக்கு 351 எனத் தனித்தனிப் பிரிவுகள் உள்ளன. மாணவர் உயிரை மாய்த்துக்கொள்ளும் அளவுக்குத் துன்புறுத்தினால் 108-ஆம் பிரிவின்கீழ் பத்து ஆண்டுகள் வரை சிறை. இதில் பலரும் நினைத்துப் பார்க்காத ஒரு நுட்பம் உண்டு. பிளஸ் டூ முடித்து வரும் முதலாண்டு மாணவர்களில் பலருக்குப் பதினேழு வயதுதான். சட்டத்தின் பார்வையில் அவர்கள் குழந்தைகள். குழந்தையைத் தற்கொலைக்குத் தூண்டினால் 107-ஆம் பிரிவு பொருந்தும். அதில் ஆயுள் தண்டனைக்கும் அதற்கு மேற்பட்ட தண்டனைக்கும் கூட இடம் இருக்கிறது. பாலியல் சீண்டல் இருந்தால் போக்சோ சட்டம் வரும். சீனியருக்கோ பத்தொன்பது, இருபது வயது. அவர் சிறுவர் நீதிக் குழுமத்துக்குப் போகமாட்டார். பெரியவர்களுக்கான நீதிமன்றத்தில்தான் நிற்பார்.

“எந்த ஊர்?” “அப்பா என்ன வேலை?” “நீ எந்த ஆளுங்க?” தென்மாவட்டங்களில் ராகிங் தொடங்குவது பெரும்பாலும் இந்த மூன்று கேள்விகளில்தான். தீப்பெட்டிக் கம்பெனியிலும் பட்டாசு ஆலையிலும் கூலி வேலை செய்து பிள்ளையை முதல் பட்டதாரியாக்க அனுப்பிய வீட்டுக்கு, இந்தக் கேள்விகளின் கூர்மை தெரியும். சாதி, நிறம், மதம், பாலினம், தோற்றம், பிறந்த ஊர், குடியிருக்கும் இடம், பொருளாதார நிலை ஆகியவற்றைக் காரணமாகக் கொண்டு ஒருவரைத் தாக்குவதும் இழிவுபடுத்துவதும் ராகிங்கே என்று மானியக் குழு 2016 ஜூனில் திருத்தம் கொண்டுவந்தது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினராகவோ பழங்குடியினராகவோ இருந்தால் 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேரும். அதில் முன்ஜாமீனுக்குத் தடை உண்டு. மும்பையில் பழங்குடி மருத்துவர் பாயல் தட்வி 2019 மே மாதம் இறந்தபோது அவருடைய மூன்று சீனியர்கள் மீது தற்கொலைத் தூண்டல், வன்கொடுமைத் தடுப்பு, மகாராஷ்டிர ராகிங் தடைச் சட்டம் என மூன்றின்கீழும் குற்றச்சாட்டு வந்தது.

வெளிநாடுகளில் இதே கேள்வி வேறு வடிவத்தில் எழுகிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஃப்ரட்டர்னிட்டி, சொராரிட்டி எனப்படும் மாணவர், மாணவியர் சங்கங்கள் உண்டு. அவற்றில் சேர வருபவரைச் சோதனை என்ற பெயரில் வதைப்பதை ஹேஸிங் என்கிறார்கள். அந்தச் சங்கங்களுக்குச் சொந்தக் கட்டடம், வங்கிக் கணக்கு, தேசிய அளவில் தலைமை அமைப்பு எல்லாம் இருப்பதால், சங்கத்தின் மீதே வழக்குத் தொடரலாம், இழப்பீடு கேட்கலாம். பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 2017 பிப்ரவரியில் டிமதி பியாட்சா என்ற மாணவருக்கு அளவுக்கு மீறி மது புகட்டப்பட்டது. படிக்கட்டில் விழுந்து கிடந்த அவருக்குப் பல மணி நேரம் யாரும் மருத்துவ உதவி கேட்கவில்லை. அவர் இறந்த பிறகு பென்சில்வேனியா மாநிலம் 2018-இல் அவர் பெயரிலேயே சட்டம் இயற்றியது. உயிருக்கோ உடலுக்கோ பெருங்கேடு விளைந்தால் அது கடுங்குற்றம். சங்கத்தின் சொத்தையே பறிமுதல் செய்யலாம். பாதிக்கப்பட்டவர் சம்மதித்தார் என்ற வாதம் செல்லாது. ஆபத்தில் இருப்பவருக்காக உதவி கேட்டு அழைத்து, உதவி வரும் வரை கூடவே நின்றவருக்கு வழக்கிலிருந்து பாதுகாப்பும் தருகிறது. சேர்ந்து தவறு செய்த கூட்டத்திலிருந்து ஒருவரையாவது நல்ல பக்கம் இழுக்கும் இந்த ஏற்பாடு தமிழ்நாட்டுச் சட்டத்துக்கும் வர வேண்டியது. 2024 டிசம்பரில் நிறைவேறிய அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம், எந்தச் சங்கம் ஹேஸிங்கில் சிக்கியது என்பதைப் பல்கலைக்கழகங்கள் பொதுவில் வெளியிட வேண்டும் என்கிறது. இங்கே கல்லூரிகள் மறைக்க நினைப்பதை அங்கே வெளியிடச் சொல்கிறார்கள்.

இலங்கையிலும் சட்டம் வந்தது ஒரு சாவுக்குப் பிறகுதான். பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில் சேர்ந்த தமிழ் மாணவர் செ. வரப்பிரகாஷ், அங்கே பகிடிவதை எனப்படும் ராகிங்கில் கடுமையான உடற்பயிற்சிகளைச் செய்யவைக்கப்பட்டுச் சிறுநீரகம் செயலிழந்து 1997-இல் இறந்தார். அடுத்த ஆண்டே கல்வி நிறுவனங்களில் பகிடிவதையைத் தடை செய்யும் 1998-ஆம் ஆண்டின் 20-ஆம் சட்டம் நிறைவேறியது. பகிடிவதையின்போது பாலியல் தொல்லையோ கொடுங்காயமோ விளைவித்தால் பத்து ஆண்டுகள் வரை சிறை என்று அது தமிழ்நாட்டுச் சட்டத்தைவிட ஒரு படி மேலே போகிறது.

தமிழ்நாட்டில் சீனியர் கூட்டம் பதிவு பெற்ற சங்கம் அல்ல. அதற்குச் சொத்தும் இல்லை, முகவரியும் இல்லை. கூட்டமாக நடக்கும் குற்றத்துக்குக் கூட்டத்தைப் பிடிக்க முடியாத நிலையில், அந்தக் கூட்டம் வாழும் இடத்தை நடத்துகிறவரைச் சட்டம் பொறுப்பாக்குவதே சரி. 7-ஆம் பிரிவின் நியாயம் அங்கேதான் இருக்கிறது.

அந்தப் பிரிவை உயிர்ப்பிப்பது பெற்றோர் கையிலும் இருக்கிறது. பிள்ளை போனில் அழுதால், வார்டனிடம் வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு வருவது போதாது. என்ன நடந்தது, எந்த நாள், எத்தனை மணி, எந்த அறை அல்லது எந்த பஸ், யார் யார் இருந்தார்கள் என்று ஒரு தாளில் எழுத வேண்டும். செல்போனில் வந்த மெசேஜ்களையும் குரல் பதிவுகளையும் அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். காயம் இருந்தால் அன்றே அரசு மருத்துவமனையில் காட்டிச் சீட்டு வாங்க வேண்டும். மாவட்ட ஆட்சியரின் தலைமையில் மாவட்ட அளவிலான ராகிங் தடுப்புக் குழு இருக்கிறது; கல்லூரி மௌனம் காத்தால் மனுவை அங்கே கொண்டுபோகலாம். காவல் நிலையம் வழக்கு பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பவும், அதற்கும் பலன் இல்லாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகவும் சட்டத்தில் வழி இருக்கிறது. வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டியதில்லை. பெண்களுக்கும், பதினெட்டு வயது நிரம்பாதவர்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு. மற்றவர்கள் வருமான வரம்புக்குள் இருந்தால் பெறலாம். விருதுநகர் மாவட்டத்தின் சட்டப் பணிகள் ஆணைக்குழு ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்ற வளாகத்தில் இயங்குகிறது. 15100 என்ற எண்ணிலும் உதவி கேட்கலாம்.

புகாரை எழுத்தில் கொடுங்கள். கொடுத்த நகலில் தேதியும் நேரமும் போட்டு, வாங்கியவரின் கையெழுத்தைக் கேட்டு வாங்குங்கள். முதல்வருக்கான 24 மணி நேரம் அந்தக் கையெழுத்திலிருந்து ஓடத் தொடங்குகிறது.